பழைய டேஷ்போர்டு ஏன் வெடிக்கிறது?

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற டட்சன் 240இசட் காரை இன்று வாங்க வருபவர்கள், முதலில் எட்டிப் பார்ப்பது டேஷ்போர்டைத்தான். விரிசல் விழாத ஒன்று கிடைப்பது அரிது. ஏன்?

மேலே வினைல் உறை, அதனடியில் நுரை, அதற்கும் கீழே உறுதியான சட்டம். வினைல் என்னும் பிவிசி இயல்பில் விறைப்பானது. அதில் கலக்கும் நெகிழ்வூட்டி எண்ணெய்தான் அதை வளைய வைக்கிறது. அந்த எண்ணெய் பிவிசியோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. சூடு ஏற ஏற மெல்ல ஆவியாகி வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுப்பாகப் படிகிறதே, அதில் இதற்கும் பங்குண்டு. எண்ணெய் போன வினைல் சுருங்கி விறைக்கிறது. அடியிலுள்ள சட்டமோ சுருங்குவதில்லை. இந்த இழுபறியில்தான் உறை பிளக்கிறது.

புற ஊதாக் கதிரும் கெடுதல்தான். ஆனால் முன்கண்ணாடியின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் படலம் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பெரிய எதிரி வெப்பமே. அரிசோனாவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது.

மேலே பூசும் எந்தத் திரவமும் போன எண்ணெயைத் திரும்பக் கொண்டுவராது. கரைப்பான் கலந்த பளபளப்புப் பூச்சுகளைத் தவிருங்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். நிழலில் நிறுத்துங்கள். நிழல் இல்லாத இடத்தில், வெயிலைத் திருப்பியடிக்கும் மறைப்பை முன்கண்ணாடியில் வைக்காமல் காரைவிட்டு இறங்காதீர்கள்.