படம் இருக்கிறது, ஊர்ப்பெயர் எங்கே?

ஷெல் விழத் தொடங்கியதும் எமது மக்கள் கையில் எடுத்தவை மிகச் சில. காணி ஒப்பம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். நேரம் கிடைத்த வீடுகளில் கல்யாண அல்பமும் ஒரு சீலைத்துண்டில் சுற்றப்பட்டு வந்தது. 1984இல் தென்னமரவாடியை விட்டு வெளியேறியோர், 1990இல் நகரைச் சுற்றிய ஊர்களிலிருந்து கலைந்தோர், 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து ஓடியோர் என்று எண்ணிப் பார்த்தால், அல்பம் மிஞ்சிய வீடுகள் குறைவு. 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து, கரையோர வீடுகளில் எஞ்சியிருந்ததையும் கொண்டுபோயிற்று.

இன்று வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி இருக்கிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான படங்கள். கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் உறவினர்கள் தம்மிடமுள்ள பழைய படங்களை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்: பெரியப்பாவின் கல்யாணம், சூடு மிதிக்கும் களம், கோயில் திருவிழா. படம் வந்து சேர்கிறது. எந்த ஊர், எந்த ஆண்டு, மாட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார் என்ற விபரம் வந்து சேர்வதில்லை. அதைச் சொல்லக்கூடிய அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

படத்தோடு ஊர்ப்பெயரும் ஆண்டும் சேர்ந்திருந்தால் அது என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு விடயத்தைச் சொல்கிறோம். புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்தார் தென்னிந்தியக் கோயில்கள் தோறும் சென்று சிலைகளைப் படம் பிடித்து, இடமும் காலமும் குறித்து வைத்தார்கள். அந்தத் தொகுப்பில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. பின்னாளில் அவை கணனியில் ஏற்றப்பட்டன. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து ஒரு நடராசர் சிலை களவு போயிற்று. 2008இல் அவுஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதே சிலையை ஏறக்குறைய 50 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கியது. சிலை 1970களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாக விற்றவர் காட்டிய பத்திரங்கள் கூறின. ஆனால் புதுச்சேரித் தொகுப்பிலிருந்த படம் 1994இல் ஸ்ரீபுரந்தானிலேயே எடுக்கப்பட்டது. பத்திரம் பொய் என்பதற்கு அது முக்கிய சான்றாயிற்று. 2014 செப்டெம்பரில் சிலை இந்தியாவிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அந்தப் படத்துக்கு ஊர்ப்பெயரும் ஆண்டும் குறிக்கப்படாமல் இருந்திருந்தால், அது ஏதோ ஒரு நடராசரின் அழகான படமாக மட்டுமே இருந்திருக்கும்.

எமக்கு இழக்கச் சிலை இல்லை, காணி இருக்கிறது. சம்பூரில் 2015இலும் 2016இலும் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, பத்து ஆண்டுகளாகக் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் இருந்த குடும்பங்கள் திரும்பிச் சென்றன. பலருக்கு வீடும் இல்லை, வேலியும் இல்லை. எல்லையைக் கிணற்றை வைத்தும் மரத்தை வைத்தும் நினைவிலிருந்து கணக்கிட வேண்டியிருந்தது. அப்படியான வேளையில், கிணற்றுக் கட்டில் பிள்ளைகள் இருக்கும் ஒரு பழைய படம், பின்னால் தெரியும் புளியமரம், மூலையில் எட்டிப் பார்க்கும் அயலவர் வீட்டுக் கூரை ஆகியவை நல்ல துணையாகும். துணை என்றுதான் சொல்கிறோம். படம் மட்டும் உரிமை தராது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த ஒப்பம், பதிவு செய்த உறுதி, வாக்காளர் இடாப்பு ஆகியவற்றின் பக்கத்தில் வைக்கத்தக்கது அது. ஒப்பம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கும் வேலையை, படம் இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். தேவையானவை ஒரு கட்டைக் கொப்பி, ஒரு மென்மையான பென்சில், ஒரு கைத்தொலைபேசி.

காகிதப் படமாயின் வெளிச்சமுள்ள திண்ணையில், வெயில் நேரே விழாத இடத்தில், சமமாக வைத்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் யாரோ எழுதிய திகதியும் அங்கேதான் இருக்கும். ஒட்டும் பக்கமுள்ள அல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு எடுத்தால் போதும். பின்னால் பேனையால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் தெரியும். பென்சிலால், மெதுவாக, இலக்கத்தை மட்டும் எழுதுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இலக்கம்: 0001, 0002 என்று. கைத்தொலைபேசியில் அந்தப் படத்தின் பெயரையும் அதே இலக்கமாக மாற்றுங்கள். ஒரு படத்தை அழித்தாலும் அதன் இலக்கத்தை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. கொப்பியில் அந்த இலக்கத்துக்கு நேரே ஐந்து விடயங்கள் எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது, என்ன நடக்கிறது, இதைச் சொன்னவர் யார். கடைசியானதைப் பலர் விட்டுவிடுவார்கள். சித்தப்பா ஒன்று சொல்லி மாமி வேறொன்று சொன்னால் இரண்டையும் அவரவர் பெயரோடு எழுதுங்கள். தீர்ப்பு இப்போதே வேண்டாம். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் “1978 சூறாவளிக்கு முன், மூத்தவள் பிறக்கவில்லை” என்று எழுதினாலே பெரிய உதவி. இடத்தை எழுதும்போது கிராம சேவையாளர் பிரிவோடு நின்றுவிடாமல், வயல்வெளியின் பெயர், குளம், துரவு, ஒழுங்கை வரை எழுதுங்கள். அந்தச் சின்னப் பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. ஆட்களுக்கும் பட்டப்பெயரைச் சேருங்கள். கந்தையா என்ற பெயரில் ஊரில் ஆறு பேர் இருந்திருப்பார்கள்.

“கைத்தொலைபேசியே திகதி போடுகிறதே” என்று இளம்பிள்ளைகள் கேட்பார்கள். உண்மைதான். டிஜிட்டல் கமெரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாளையும் நேரத்தையும் தானே பதிகிறது. இன்று வயலில் எடுக்கும் படத்துக்கு அது மிக நல்லது. ஆனால் 1968ஆம் ஆண்டுக் கல்யாணப் படத்தை இன்று பார்த்து எடுத்தால், அது பதிவது இன்றைய திகதியை. இன்னொன்று, வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படுகிறது. உள்ளே பதிந்த திகதியும் போய்விடும். ஆகவே வெளிநாட்டு உறவினரிடம், படங்களை “டொகியுமன்ட்” ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

வைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் பரப்பியது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். கைத்தொலைபேசியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, தூரத்து உறவினரிடம் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே றங்குப்பெட்டியில் வைத்தால் என்னவாகும் என்பதை எமது மாவட்டத்தாருக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. கொப்பியின் பக்கங்களையும் படமெடுத்துக் கூடவே அனுப்புங்கள். முன்பு இறுவட்டில் பதிந்து வைத்தவர்கள் அவற்றை இப்போதே பென் டிரைவுக்கு மாற்றுவது நல்லது. புதிய கணனிகள் பலவற்றில் இறுவட்டுப் போடும் இடமே இல்லை.

யப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பின் யமமோட்டோ என்ற சிறு பட்டினத்தில் சேற்றிலிருந்து ஏறக்குறைய ஏழரை இலட்சம் குடும்பப் படங்கள் மீட்கப்பட்டன. தொண்டர்கள் கழுவி, காய வைத்து, டிஜிட்டலாக்கி, உரியவர்கள் வந்து தேடத்தக்கதாக ஒழுங்கு செய்தார்கள். இலட்சக்கணக்கான படங்கள் வீடு திரும்பின. வீடும் ஆட்களும் போனபின், சேறு படிந்த ஒரு முகத்துக்காக மக்கள் அங்கே வரிசையாக வந்தார்கள் என்பது எம்மை யோசிக்க வைக்கிறது.

எமது மொழியில் இந்த வேலையைப் பெருமளவில் செய்வது நூலக நிறுவனம். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்த ஒரு சமூகத்தில், 2005இல் தன்னார்வலர்களால் இணையத்தில் தொடங்கப்பட்ட முயற்சி இது. அங்கே ஒவ்வொரு நூலுக்கும் ஓர் இலக்கம் உண்டு. படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் “ஆவணகம்” என்ற தனிப் பிரிவு இருக்கிறது. ஊர்ப்படங்களைப் பொதுவில் வைக்க விரும்புவோர் அங்கே கொடுக்கலாம். கொப்பியோடு போகும் படத்துக்குத்தான் அங்கும் பயன் அதிகம்.

எல்லாப் படமும் பொதுவுக்கு உரியதல்ல. ஒப்ப இலக்கம், அடையாள அட்டை இலக்கம் தெரியும் படங்களை முகநூலில் போட வேண்டாம். காணாமற்போன பிள்ளையின் படத்தை யாருக்குக் காட்டுவது என்பதை அந்தத் தாயே தீர்மானிக்கட்டும். அதற்கும் ஓர் இலக்கம் கொடுத்து, கடைசியாகக் கண்ட நாளும் இடமும் உடுத்தியிருந்த உடுப்பும் எழுதி வையுங்கள். எந்த அலுவலகம் கேட்டாலும் பிரதியைக் கொடுங்கள், மூலப்படத்தைக் கையை விட்டு விடாதீர்கள்.

பெரும்போக வெட்டு முடிந்தபின் இதற்கு நேரம் கிடைக்கும். ஒரு மாலையில் பத்துப் படம் போதும். அம்மம்மாவுக்குக் கண் தெளிவில்லாவிட்டால் கைத்தொலைபேசியில் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். அவர் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பக்கத்தில் இருந்து எழுதட்டும்.