பவளத்திற்கு ஊட்டும் சுண்ணாம்பு நீர்

சுண்ணாம்பு நம் அங்கத்தினர்களுக்குப் புதிய பொருளன்று. நெசவாளர் அதனை அவுரிச் சாயத் தொட்டியில் இடுவர். விவசாயிகள் மயில்துத்தத்துடன் கூட்டிப் போர்டோ கலவையாகத் தெளிப்பர். அதே சுண்ணாம்பு கண்ணாடித் தொட்டியிலுள்ள கடலுயிர்களுக்கும் உதவும் விதத்தை இம்மாதம் கூறுவோம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த கல்மண்டபத்தில் வாழ்வோருக்கு, கடலின் ஒரு துளியை வீட்டில் வைக்கும் ஆசை எழுவது இயல்பே.

பவளப் பூச்சியும் சிப்பியும் பாறையில் படரும் செம்பாசியும் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டே தம் ஓட்டையும் கூட்டையும் கட்டுகின்றன. கடல் நீரில் அச்சத்து லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் உண்டு. சிறு தொட்டியிலோ அது விரைவில் குறைந்துவிடும். ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சுண்ணாம்பு நீரை விட்டால் இக்குறை தீரும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு ஆகாது. தூய நீற்றுச் சுண்ணாம்பே வேண்டும். ஒரு லிட்டர் சுத்திகரித்த நீருக்குச் சுமார் ஒன்றரை கிராம் போதும். மிகுதியாக இட்டால் அடியில் தங்குமேயன்றிக் கரையாது. நீர் சூடேறினால் இன்னும் குறைவாகவே கரையும். கலக்கி மூடிவைத்து, சில மணி நேரம் கழித்துத் தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு வெள்ளை ஏடு படியும், வீரியமும் குறையும். இந்நீர் கடுங்காரம், கண்ணில் பட்டால் உடனே ஏராளமான நீரால் கழுவி மருத்துவரிடம் செல்க.

தொட்டியில் இதனைத் துளித்துளியாகவே விட வேண்டும், அதுவும் இரவில். பகலில் பாசி கரியமில வாயுவை உட்கொள்ளும். இரவில் அவ்வாயு பெருகி நீரின் காரத்தன்மை தாழும். அப்போது விடும் சுண்ணாம்பு நீர் அக்குறையை ஈடு செய்யும். அவசரப்பட்டு ஒரே வேளையில் ஊற்றினால் நீர் பால்போல் வெளுத்துச் சத்து வீணாகும். பி.எச். எண் 8.5-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உயிர்கள் மடியும்.

தூத்துக்குடிக் கரையில் ஒரு காலத்தில் பவளப்பாறைகளை வெட்டிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். 1986-இல் மன்னார் வளைகுடாவில் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைந்தது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. எனவே நம் கடலின் பவளத்தைப் பெயர்த்துக் கொணர்தல் குற்றமாகும். சட்டத்திற்கு உட்பட்ட உயிர்களையே வளர்ப்போம். பவளத்தை நீற்றிச் சுண்ணாம்பு கண்ட காலம் போயிற்று. சுண்ணாம்பைக் கொண்டு கடலுயிரைக் காப்பதே இனி நமக்கு அழகு.