பழைய புல்லட்டைப் பழுதுபார்க்கும்போதே அதன் வேகத்தையும் கூட்டுவது ஏன் உசிதம்?

1955-இல் உதயமான என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் பிறந்த பழைய புல்லட் நீலப் புகை கக்கினால், பெரும்பாலும் பிஸ்டன் வளையம் தேய்ந்து, எண்ணெய் மேலேறி எரிகிறது என்று அறியுங்கள்.

சிலிண்டரும் தேய்ந்திருந்தால், அதைக் கடைந்து, பருத்த பிஸ்டன் பொருத்த வேண்டும். ஓடு மாற்றக் கூரையைப் பிரித்தவர் உளுத்த சட்டங்களையும் அப்போதே மாற்றிவிடுவதுபோல, எஞ்சினைப் பிரித்த அச்சமயத்திலேயே அழுத்தம் கூட்டும் பிஸ்டனைப் பூட்டினால், கூலி ஒருமுறையோடு முடியும்.

அழுத்தம் எப்படிச் சக்தியாகிறது? பெட்ரோல் கலவை எவ்வளவு நெருக்கப்பட்டு எரிகிறதோ, அவ்வளவுக்கு அதன் உஷ்ணத்தில் அதிகப் பங்கு உந்துவிசையாக மாறுகிறது.

ஆயினும் அவ்விசை பேரிங்கையும் கிளட்சையும் தாக்கும். டிரம் பிரேக்கோ பழைய வேகத்துக்கே அமைந்தது. ஆகையால், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே செல்லும் நீங்கள், பிரேக்கை முதலில் சீர்செய்து, பிறகே எஞ்சினைத் தொடுங்கள்.