கட்டை விரலை ஆட்டி வைக்கும் காந்தம்!

பரீட்சை ஹாலில் கேள்வித்தாளை வாங்கும்போது நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். எழுத ஆரம்பித்ததும் சரியாகி விடும், இல்லையா குட்டீஸ்? சிலருக்கு மட்டும் அந்தப் படபடப்பு போவதே இல்லை. லீவு நாளிலும் பயம், படுத்தாலும் பயம். மாதக்கணக்கில் இப்படி இருந்தால், அதை, 'பதற்ற நோய்' என்கின்றனர் டாக்டர்கள். காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோய். 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்வது ரொம்பத் தப்பு!

இதற்கு மனநல ஆலோசனையும், மாத்திரையும் உண்டு. ஆனால், எல்லாருக்கும் அவை போதுமானதாக இருப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு, தலையில் சின்னக் கீறல் கூட போடாமல், காந்தத்தால் மூளையைச் சாந்தப்படுத்த முடியுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

காந்தத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால், பக்கத்தில் உள்ள கம்பியில் மின்சாரம் உண்டாகும். மைக்கேல் பாரடே 1831ல் கண்டுபிடித்தது இது. நம் மூளை செல்களும் மின் துடிப்புகளால்தான் செய்தி அனுப்புகின்றன. அப்புறம் என்ன, கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மூளை! மண்டை ஓடு, மின்சாரத்தை லேசில் உள்ளே விடாது; காந்தப்புலத்தைத் தடுக்காது.

1985ல், இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில், ஆன்டனி பார்க்கர் குழுவினர் இதைச் செய்து காட்டினர். தலைமேல் ஒரு கம்பிச்சுருளைப் பிடித்து, அதில் ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் பாய்ச்சினர். அவ்வளவுதான், அந்த மனிதரின் கை தானாகத் துள்ளியது!

இன்றும் சிகிச்சைக்கு முன், கட்டை விரல் துடிக்க எவ்வளவு சக்தி தேவை என்று பார்த்துத்தான் அளவை முடிவு செய்கின்றனர். மயக்க மருந்து கிடையாது. நோயாளி நாற்காலியில் சாய்ந்து விழித்திருப்பார். மரங்கொத்தி கொத்துவது போல, 'டொக் டொக்' சத்தம் கேட்கும். அதனால் காதில் அடைப்பான் வைப்பார்கள். நொடிக்கு ஒரு துடிப்பு என்றால் மூளையின் அந்தப் பகுதி பொதுவாக அடங்கும். 10 துடிப்பு என்றால் சுறுசுறுப்பாகும். வாரத்துக்கு 5 நாள் வீதம், பல வாரங்கள் போக வேண்டும். தலைவலி வரலாம், மிக அபூர்வமாக வலிப்பும் வரலாம். தலைக்குள் உலோகக் கருவி பொருத்தியிருப்பவர்களுக்கு இது ஆகாது. (பேட்டரியும் ஒயரும் வைத்து வீட்டில் முயற்சி செய்கிற வேலை வேண்டாம், சொல்லிவிட்டேன்!)

அமெரிக்காவில், மனச்சோர்வு நோய்க்கு 2008லும், தேவையற்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய்க்கு 2018லும் இதற்கு அனுமதி கிடைத்தது. பதற்ற நோய்க்கு ஆராய்ச்சி தொடர்கிறது.

அந்த ஆராய்ச்சியில் ஒரு தந்திரம் உண்டு. 'சிகிச்சை எடுக்கிறோம்' என்ற நம்பிக்கையே சிலருக்குப் பயத்தைக் குறைத்துவிடும். அதனால் பாதிப்பேருக்குப் போலிக் கருவியை வைப்பார்கள். அதிலும் அதே நாற்காலி, அதே 'டொக் டொக்'. தமக்கு வைத்தது எது என்று, வந்தவர்களுக்குக் கடைசிவரை சொல்ல மாட்டார்கள்!