கொஞ்சம் பொறுத்துத்தான் பாருங்களேன்!

"என்ன ஆன்ட்டி இது, நாலு நாளாப் பார்க்கிறேன், ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது! போதும்னு நிறுத்திட்டேன்."

பக்கத்து வீட்டு இளம் தாய் போன வாரம் என்னிடம் இப்படி அலுத்துக் கொண்டாள். தோழி ஒருத்தி 'ரொம்ப நல்லா இருக்கு, பாரு' என்று சொன்னதை நம்பி, குழந்தை தூங்குகிற நேரத்தில் கைபேசியில் ஒரு தொடரைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் நாற்பது வருடங்களுக்கு முன்னால் நானும் இதே வார்த்தைகளைச் சொன்னவள்தான்! சொல்லிவிட்டு, பார்ப்பதை நிறுத்தியும் விட்டேன். என் மாமியார் நிறுத்தவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

டில்லி அக்கா வீட்டு டி.வி.

1984-ம் வருடம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம், கையில் ஏழு மாதக் குழந்தை. எங்கள் தெருவில் டி.வி. பெட்டி இருந்த வீடுகள் மூன்றோ நான்கோதான். அதில் ஒன்று டில்லி அக்கா வீடு. கணவரின் உத்தியோகம் காரணமாகப் பல வருடம் டில்லியில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஹிந்தி நன்றாகத் தெரியும். மனசும் பெரியது. இரவில் எட்டுப் பத்துப் பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்தாலும் முகம் கோண மாட்டார்.

அந்த வருடம் ஜூலை 7-ந் தேதி டில்லி தூர்தர்ஷன் 'ஹம் லோக்' என்ற தொடரை ஆரம்பித்தது. 'நாம்' என்று அர்த்தம். இந்தியத் தொலைக்காட்சியில் வந்த முதல் நெடுந்தொடர் அதுதான். நடுத்தரத்துக்கும் கீழே திண்டாடுகிற ஒரு வட இந்தியக் கூட்டுக்குடும்பம். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற தாத்தா, பாட்டி, குடிகார அப்பா பஸேசர் ராம், வாய் பேசாமல் உழைக்கிற அம்மா பாகவந்தி, பட்கி, மஜ்லி, சுட்கி என்று மூன்று பெண்கள், வேலை தேடி அலைகிற மூத்த பையன் லல்லு, கிரிக்கெட் பைத்தியமான சின்னப் பையன் நன்ஹே. இவ்வளவுதான் கதை மாந்தர்.

ஆரம்பத்தில் என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை! சமையல் நடக்கிறது, சண்டை நடக்கிறது, யாராவது ஒருவர் ஏதாவது ஒரு புத்திமதி சொல்கிறார். எனக்கோ ஹிந்தி அரைகுறை. டில்லி அக்கா அவ்வப்போது தமிழில் சொன்னாலும், "இதற்காகவா பாலூட்டுகிற நேரத்தில் வந்து உட்கார்ந்தோம்?" என்று தோன்றியது. நாலு வாரம் பார்த்தேன், பிறகு போகவில்லை.

தடுமாறிய ஆரம்பம்

அலுப்பு எனக்கு மட்டும் வரவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 'ஹம் லோக்' பொழுதுபோக்குக்காக மட்டும் எடுக்கப்பட்டதல்ல. மெக்ஸிகோ நாட்டில் மிகுவேல் சபீதோ என்பவர், குடும்பக் கட்டுப்பாடு போன்ற விஷயங்களைத் தொடர்கதை மூலமாகச் சொல்லி வெற்றி கண்டிருந்தார். அதை முன்மாதிரியாக வைத்துத்தான் நம் நாட்டிலும் முயன்றார்கள். மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதினார், பி. குமார் வாசுதேவ் இயக்கினார்.

ஆனால் ஆரம்பப் பகுதிகளில் மருந்து அதிகமாகவும் தேன் குறைவாகவும் போய்விட்டது. 'கதை பார்க்க வந்தால் பிரசங்கம் செய்கிறார்களே' என்று ஜனங்கள் குறைப்பட்டார்கள். முதல் 13 பகுதிகளுக்குப் பிறகு தயாரித்தவர்கள் விழித்துக் கொண்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தைக் குறைத்து, வரதட்சிணை, குடிப்பழக்கம், வீட்டில் பெண்ணுக்கு உள்ள இடம், கூட்டுக்குடும்பத்துச் சிக்கல்கள் என்று கதையை நம் வீட்டுக் கூடத்துக்கே கொண்டு வந்தார்கள்.

அப்புறம் பாருங்கள்! ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பழம்பெரும் நடிகர் அசோக் குமார் வந்து, வீட்டுப் பெரியவர் மாதிரி நடந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். அவருக்கும் தூர்தர்ஷனுக்கும் லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. மூத்த பெண் பட்கிக்குக் கதையில் கல்யாணம் நடந்த அன்று வட நாட்டில் கடைவீதிகளைச் சீக்கிரமே மூடிவிட்டு ஜனங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். வாழ்த்துத் தந்திகள் கூட வந்தனவாம்! 17 மாதங்களில் 156 பகுதிகள் ஓடி, 1985 டிசம்பர் 17-ல் அந்தத் தொடர் முடிந்தபோது, சொந்தக்காரர்கள் ஊருக்குப் புறப்பட்டுப் போன மாதிரி வீடுகள் வெறிச்சோடின.

அத்தைக்குப் புரிந்த பாஷை

நான் நின்றுவிட்ட பிறகும் என் மாமியார், அதாவது என் அத்தை, ஒரு நாள் தவறாமல் போய்க் கொண்டிருந்தார். ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. இப்போது யோசித்தால், அந்தப் பிரசங்கங்கள் புரியாததே அவருக்கு நல்லதாகப் போயிற்று என்று தோன்றுகிறது! முகங்களை மட்டும் பார்த்துக் கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு நாள் ராத்திரி கண் சிவந்து திரும்பி வந்தார். நான் பதறிப்போய், "என்ன ஆச்சு அத்தை?" என்று கேட்டேன்.

"அந்தப் பொம்பளை இன்னிக்கும் ஒரு வார்த்தை பேசலைம்மா. அவன் குடிச்சிட்டு வந்து கத்தறான், இவ பாட்டுக்குத் தட்டை எடுத்து வைக்கிறா."

"ஹிந்தி உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"இதுக்கு எதுக்கும்மா பாஷை? இருபத்தஞ்சு வருஷம் நானும் தட்டை எடுத்து வெச்சவதானே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மாமனாரை நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். கூடத்தில் மாலை போட்ட படத்தில் கம்பீரமாக இருப்பார். அவரைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. அத்தையும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கொண்டார்.

அடுத்த தடவையிலிருந்து குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு நானும் அவரோடு போக ஆரம்பித்தேன். சினிமா ஆசையில் பம்பாய்க்கு ஓடி ஏமாந்த மஜ்லியைப் பார்த்து அத்தை தலையில் அடித்துக் கொள்வார். டாக்டராக வேண்டும் என்று படிக்கிற சுட்கியைப் பார்த்து முகம் மலர்வார். பாட்டிக்குப் புற்றுநோய் என்று வந்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பி வருகிற அந்த ஐந்து நிமிட நடையில்தான் அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குச் சொன்னார்.

கடைசியில் ஒரு நாள் சொன்னார்: "பாகவந்தியைப் பார்த்து அழலாம்மா. ஆனா அவளை மாதிரி இருக்கக் கூடாது. நீ இருக்காதே."

இந்தத் தொடரைப் பற்றி அர்விந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் என்ற இரு அறிஞர்கள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சகித்துக் கொண்டு வாயை மூடிக் கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று காட்டுவதற்குத்தான் பாகவந்தியைப் படைத்தார்களாம். ஆனால் பார்த்தவர்களில் பலர் 'பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று அவளையே உதாரணமாக எடுத்துக் கொண்டார்களாம்! எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கிற என் அத்தை, பாஷை தெரியாமலே சரியாகப் புரிந்து கொண்டிருந்தார். நாலு வாரத்தில் அவரும் என்னைப் போல எழுந்து வந்திருந்தால், அந்த ஒரு வாக்கியம் எனக்குக் கிடைத்தே இருக்காது.

ஏன் மெதுவாக ஆரம்பிக்கிறது?

ஒரு புது வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறோம். முதல் வாரமே எல்லாரையும் புரிந்துவிடுகிறதா? மாமனாருக்குக் காப்பியில் எவ்வளவு சர்க்கரை, நாத்தனார் எதற்குக் கோபித்துக் கொள்வாள் என்று தெரிந்துகொள்ள மாதக்கணக்காகிறது. நல்ல தொடரும் அப்படித்தான். ஆட்களைப் பழக்கப்படுத்தி வைத்தால்தான் பிற்பாடு அவர்களுக்கு ஒரு கஷ்டம் வரும்போது நமக்கும் வலிக்கும். எழுதுகிறவர்களும் நடிக்கிறவர்களும்கூட முதலில் தட்டுத் தடுமாறித்தான் தங்கள் கதையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஜப்பானில் 1983-ல் ஆரம்பித்த 'ஓஷின்' என்ற தொடர் பகுதிக்கு 15 நிமிடமாக 297 பகுதிகள் வந்தது. அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்பட்ட ஏழைச் சிறுமி, மூதாட்டி ஆகிறவரையிலான கதை. அவசரப்படுகிறவர்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஜப்பானே அவளோடு அழுதது, பிறகு எத்தனையோ நாடுகள் அழுதன. அமெரிக்காவில் 1982-ல் 'சியர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் ஆரம்பித்தபோது பார்த்தவர்கள் மிகக் குறைவு. அந்த வாரப் பட்டியலில் ஏறக்குறைய கடைசி இடம். நிறுத்திவிடாமல் தொடர்ந்தார்கள். 1993 வரை 11 வருடம் ஓடி, அந்த நாட்டின் மிகப் பிரபலமான தொடர்களில் ஒன்றாகி விட்டது.

மெதுவு வேறு, இழுவை வேறு!

அதற்காக, வருகிற எல்லாத் தொடரையும் பொறுமையாகப் பாருங்கள் என்று நான் சொல்வதாக நினைத்து விடாதீர்கள். மெதுவாக வேகிற பருப்பு வேறு, எத்தனை வேக வைத்தாலும் வேகாத பருப்பு வேறு. கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழிகள் சில:

1. நாலு பகுதி வரை தவணை கொடுங்கள். அதற்குள் ஒரு பாத்திரத்தின் மேலாவது உங்களுக்குப் பிரியமோ கோபமோ வந்திருக்க வேண்டும்.

2. மறுநாள் காய் நறுக்கும்போது 'அந்தப் பெண் என்ன செய்யப் போகிறாளோ' என்ற நினைப்பு வந்தால், கதை உங்களைப் பிடித்துக் கொண்டுவிட்டது. தாராளமாகத் தொடரலாம்.

3. ஒரு அதட்டல், அதற்கு ஆறு பேர் திடுக்கிடுவதை இசையோடு மூன்று தடவை காட்டுகிறார்களா? ஒரு வாரம் பார்க்காமல் இருந்து திரும்பி வந்தாலும் கதை நின்ற இடத்திலேயே நிற்கிறதா? அதுதான் இழுவை. தயங்காமல் நிறுத்துங்கள். ஆரம்பித்துவிட்டோமே என்பதற்காகக் கெட்டுப்போன குழம்பை யாராவது சாப்பிடுவார்களா!

4. ஒரே மூச்சில் பார்த்துத் தீர்க்காதீர்கள். அப்போதெல்லாம் அடுத்த பகுதிக்காகக் காத்திருந்த நாட்களில்தான் கதையை மனசில் அசை போட்டோம். நாளுக்கு ஒன்று போதும். கைக்குழந்தைக்காரிகளுக்குக் கதையை விடத் தூக்கம் முக்கியம்.

5. குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு பார்க்க வேண்டாம். நான் அன்று தெரியாமல் செய்த தப்பு அது. இரண்டு வயது ஆகும்வரை குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

6. முடிந்தால் வீட்டில் யாராவது ஒருவரோடு சேர்ந்து பாருங்கள். மாமியார், அம்மா, வயசுக்கு வந்த பெண், யாராக இருந்தாலும் சரி. நேருக்கு நேர் பேச முடியாத எத்தனையோ விஷயங்களை, கதையில் வருகிறவர்களைச் சாக்காக வைத்துப் பேசிவிடலாம்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, "சரி ஆன்ட்டி, இன்னும் ரெண்டு நாள் பார்க்கிறேன். எங்க அத்தையும் சும்மாதான் உட்கார்ந்திருக்காங்க, அவங்களையும் கூப்பிட்டுக்கிறேன்" என்றாள்.

தொடர் நன்றாக இருக்குமோ இருக்காதோ, எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்காரப் போகிறவர் மனசில் ஏதாவது ஒரு கதை நிச்சயம் இருக்கும். அதுவும் மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் பாருங்களேன்!