மூலிகைப் பொடியில் யார் அடித்த மருந்து?

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லிப் பொடி கேட்டால் உடனே கிடைக்கும். மோரில் கலக்கிக் குடித்துவிடுகிறோம். கீரையையாவது மூன்று தண்ணீரில் அலசலாம். பொடியை அலச முடியாது. இலையில் ஒட்டியிருந்தது எதுவோ, அது அப்படியே வயிற்றுக்குப் போகிறது.

கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் வயல் வரப்பில், வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைப்பவை. நெல்லுக்கு அடிக்கும் மருந்து காற்றில் வரப்புக்கும் வரும். அதை எப்போது அடித்தார்கள் என்பது பறிக்க வருபவருக்குத் தெரிய வழியில்லை.

பயிராகவே வைத்தால் சிக்கல் வேறு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போடுகிறார்கள். அதன் விதையிலிருந்து கீல்வாதத்துக்குக் கொடுக்கும் கோல்கிசின் எடுக்கப்படுகிறது. நல்ல விலை போகும் பயிர். புழுவும் இலைக்கருகலும் வந்தால் விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டார். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, ஒவ்வொரு மருந்தும் எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு என்று பதிவாகி லேபிளில் வர வேண்டும். அந்த லேபிளில் நெல் இருக்கும், பருத்தி இருக்கும், மிளகாய் இருக்கும். மூலிகை இருப்பது அரிது. பூச்சிமருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் பிறகு வழி. இதில் விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே ஓட்டை கனடாவில் மருத்துவக் கஞ்சாவில் வெளிப்பட்டது. 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும், உரிமம் பெற்ற நிறுவனங்களின் சரக்கிலேயே மைக்ளோபுட்டானில் என்ற பூஞ்சைக்கொல்லி இருப்பது தெரிந்து, விற்றதைத் திரும்பப் பெற்றார்கள். திராட்சைக்கு அடிக்கும் மருந்துதான் அது. ஆனால் திராட்சையைத் தின்கிறோம். கஞ்சாவைப் புகைப்பவர்கள் உண்டு. சூடேறினால் அந்த மருந்திலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியேறக்கூடும். உட்கொள்ளும் முறை மாறும்போது நஞ்சின் கணக்கும் மாறுகிறது. 2019 ஜனவரியிலிருந்து அங்கே பூச்சிக்கொல்லிப் பரிசோதனை கட்டாயம்.

தமிழ்நாட்டில் கஞ்சா பயிரிடுவது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். அந்தச் செடியைப் பற்றிய கேள்வி நமக்கு இன்னும் வரவில்லை. மூலிகையைப் பற்றிய கேள்வி எப்போதோ வந்துவிட்டது.

விதி இல்லாமல் இல்லை. மருந்துகளின் தரத்தை வகுக்கும் ஆயுர்வேத ஃபார்மகோபியா பூச்சிக்கொல்லி எச்சத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிக்க உரிமம் வேண்டும். விற்கத்தான் உரிமம் தேவையில்லை! திருவான்மியூர் இம்காப்ஸ் போன்ற தயாரிப்பாளரின் பொட்டலத்தில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி இருக்க வேண்டும்; குறை இருந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். சில்லறையாக நிறுத்து மடித்துத் தரும் பொடிக்கு அப்படி ஒரு முகவரி கிடையாது. வாங்குபவர் இன்றே செய்யக்கூடியது, அந்த எண்களைப் பார்த்து வாங்குவது.

மற்றதை அரசு செய்ய வேண்டும். அரசு சித்த மருத்துவமனைகளுக்கு மருந்து செய்யும் டாம்ப்கால், தான் கொள்முதல் செய்யும் மூலிகைகளின் எச்சப் பரிசோதனை முடிவுகளைத் தொகுதிவாரியாக மக்கள் பார்க்க வெளியிடட்டும். பரிசோதனைச் செலவை விவசாயி தலையில் கட்டக் கூடாது.