தாத்தாவின் ‘பெட்’ ஸ்கேன்

“பெட் ஸ்கேனா? அப்போ சும்மா படுத்திருந்தாப் போதுமா?”

தேக்கா நிலைய உணவங்காடியில் தேநீரை ஆற்றிக்கொண்டே தாத்தா கேட்டார். மருத்துவமனையிலிருந்து வந்திருந்த ஆங்கிலக் கடிதத்தை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடிதத்தில் இருந்தது ‘பிஎஸ்எம்ஏ பெட்-சிடி’. அவர் காதில் விழுந்தது கட்டில். ‘பாசிட்ரான் உமிழ்வுப் படம்’ என்று நான் சொல்லியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

தாத்தாவுக்கு 74 வயது. இரவில் நான்கைந்து முறை எழுந்து கழிவறைக்குப் போவதை ஓராண்டாக யாரிடமும் சொல்லவில்லை. “வயசானா அப்படித்தான்.” அவ்வளவுதான் அவர் விளக்கம். பாட்டிதான் கடைசியில் அப்பாவிடம் போட்டு உடைத்தார். பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை, பிறகு எம்ஆர்ஐ, பிறகு திசுப் பரிசோதனை. புரோஸ்டேட் புற்றுநோய் என்று உறுதியானது. சிங்கப்பூர் ஆண்களை அதிகம் பாதிக்கும் முதல் மூன்று புற்றுநோய்களில் அதுவும் ஒன்று.

புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் சுரப்பி. அது சுரக்கும் பிஎஸ்ஏ எனும் புரதம் ரத்தத்தில் கூடினால் மருத்துவர்கள் கவனிப்பார்கள். ஆனால் வயதால் சுரப்பி வீங்கினாலும், கிருமி தொற்றினாலும் அந்த எண் ஏறும். அதனால்தான் அடுத்து எம்ஆர்ஐ எடுத்து, சந்தேகத்துக்குரிய இடத்தில் ஊசி செலுத்தித் திசு எடுக்கிறார்கள். எம்ஆர்ஐ படத்தை ஊசி போடும் நேரத்து அல்ட்ராசவுண்ட் படத்தின்மேல் பொருத்திக் குறிபார்க்கும் ‘மோனாலிசா’ என்ற ரோபோவை உருவாக்கியது பயோபோட் சர்ஜிக்கல் என்னும் நம் சிங்கப்பூர் நிறுவனம் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

மீதமிருந்தது ஒரே கேள்வி. நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே போய்விட்டதா? உள்ளேயே இருந்தால் அறுவை சிகிச்சையோ கதிரியக்கச் சிகிச்சையோ அதை முற்றிலும் போக்கக்கூடும். எலும்பு வரை போயிருந்தால் சுரப்பியை மட்டும் அகற்றிப் பயனில்லை. இதற்குத்தான் அந்தக் ‘கட்டில்’.

தாத்தாவிடம் தீபாவளி ஒளியூட்டை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். இரவில் வானத்திலிருந்து லிட்டில் இந்தியாவைப் படமெடுத்தால் விளக்குகள் தெரியும்; எந்த விளக்கு எந்தத் தெருவில் எரிகிறது என்று தெரியாது. சாலை வரைபடத்தில் தெருக்கள் எல்லாம் இருக்கும், விளக்குகள் இருக்கா. பெட் படம் விளக்குகளைக் காட்டும், சிடி படம் தெருக்களைக் காட்டும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால்தான் முகவரி கிடைக்கும்.

முன்பெல்லாம் இந்த இரண்டு படங்களையும் வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு நாள்களில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மண்டையோட்டுக்குள் அசையாமல் இருக்கும் மூளைக்கு அது ஓரளவு சரிப்பட்டது. அடிவயிற்றில் அப்படியில்லை. சிறுநீர்ப்பை நிரம்பும், குடல் நகரும், ஆள் படுக்கும் விதம் மாறும். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே ‘முகவரி’ தப்பிவிடும்.

இரண்டையும் ஒரே இயந்திரத்தில் இணைத்தவர்கள் டேவிட் டவுன்சென்ட் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளரும் ரோனால்ட் நட் என்ற அமெரிக்கப் பொறியாளரும். 1990களின் தொடக்கத்தில் ஜெனீவாவில் டவுன்சென்ட் வடிவமைத்த பெட் கருவியில் உணர்கருவிகளுக்கு இடையே வெற்றிடம் இருந்தது. அங்கே உருப்படியாக ஏதாவது வைக்கலாமே, சிடி கருவி மாதிரி, என்று ஓர் அறுவை மருத்துவர் கேட்டதிலிருந்து யோசனை பிறந்ததாம். 1998ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் முதல் பெட்-சிடி இயங்கத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் ‘டைம்’ சஞ்சிகை அதை ஆண்டின் சிறந்த மருத்துவக் கண்டுபிடிப்பாகத் தேர்ந்தெடுத்தது. அதே டவுன்சென்ட் பின்னர் சிங்கப்பூருக்கு வந்து, ஏ-ஸ்டார் அமைப்பும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து கெண்ட் ரிட்ஜில் அமைத்த மருத்துவப் படிமவியல் ஆய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்தார். இங்கே பாடப் புத்தகத்தில் வரும் பெயர்கள் எல்லாம் வேறெங்கோ வாழ்ந்தவர்களுடையவை என்று நினைத்திருந்த எனக்கு அது இனிய அதிர்ச்சி.

சரி, விளக்கை ஏற்றுவது எப்படி? மற்ற பல புற்றுநோய்களுக்குக் கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியாகப் போடுவார்கள். பசித்த புற்றணுக்கள் அதை விழுங்கி ஒளிரும். புரோஸ்டேட் புற்றணுக்கள் பெரும்பாலும் சர்க்கரைக்கு அவ்வளவாக மயங்குவதில்லை. ஆனால் அவற்றின் மேற்பரப்பில் பிஎஸ்எம்ஏ எனும் புரதம் மிகுதியாக இருக்கிறது. அதில் போய் ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறு ஒன்றில் காலியம்-68 அணுவைக் கோத்து அனுப்புகிறார்கள். அந்த அணு சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான் பக்கத்திலுள்ள எலக்ட்ரானோடு மோதி, இரண்டும் மறையும். பிறக்கும் இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். உடலைச் சுற்றியுள்ள வளையம் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால், நோய் அந்த நேர்கோட்டில் எங்கோ இருக்கிறது என்று பொருள். இப்படிப் பல லட்சம் கோடுகள் சேர்ந்துதான் ஒரு படம்.

காலியம்-68இன் அரை ஆயுட்காலம் 68 நிமிடமே. வெளிநாட்டிலிருந்து தருவித்து அலமாரியில் வைக்க முடியாது. அதனால் மெதுவாகச் சிதையும் ஜெர்மானியம்-68ஐ (அரை ஆயுள் ஏறத்தாழ 271 நாள்) ஒரு சிறு குழாயில் அடைத்து வைத்திருப்பார்கள். அது சிதைந்து காலியம் ஆகிக்கொண்டே இருக்கும். தேவைப்படும்போது நீர்த்த அமிலத்தை உள்ளே செலுத்திக் காலியத்தை மட்டும் கழுவி எடுப்பார்கள். சில மணி நேரத்தில் மறுபடியும் ஊறிவிடும். அணு மருத்துவத் துறையினர் இந்தக் கருவியை ‘பசு’ என்றும், எடுப்பதைப் ‘பால் கறப்பது’ என்றும் சொல்கிறார்கள். இது மட்டும் தாத்தாவுக்கு உடனே பிடித்துப்போனது. நாங்கள் உட்கார்ந்திருந்ததே பஃப்ளோ சாலை ஓரம். இந்த வட்டாரத்துக்கு மலாய்மொழியில் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப் பட்டி என்று பெயர்.

ஆஸ்திரேலியாவில் 302 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2020ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. நோய் பரவியிருக்கிறதா என்பதை வழக்கமான சிடி, எலும்பு ஸ்கேன் இரண்டும் சேர்ந்து 65 விழுக்காடு சரியாகச் சொல்ல, பிஎஸ்எம்ஏ பெட்-சிடி 92 விழுக்காடு சரியாகச் சொன்னது. கதிரியக்க அளவும் பாதிக்கும் குறைவு.

இது மந்திரக் கண்ணாடி அல்ல. உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம் போன்ற ஆரோக்கியமான உறுப்புகளும் இதில் ஒளிரும். விலா எலும்பில் தெரியும் சிறு புள்ளி சில நேரம் வெறும் பழைய காயமாக இருக்கலாம். இந்தப் புரதம் குறைவாக உள்ள கட்டிகள் இருட்டிலேயே நின்றுவிடும். படத்தைப் படிக்கும் மருத்துவரின் அனுபவத்துக்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

ஸ்கேன் அன்று காலை பத்து மணிக்கு ஊசி. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துப் படம். வீடு திரும்பியதும், “இப்போ நான் மின்னிக்கிட்டா இருக்கேன்?” என்றார் தாத்தா. கைத்தொலைபேசியில் மணி மூன்று நாற்பது. ஐந்து அரை ஆயுட்காலம் கழிந்துவிட்டது. முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிச்சம் என்றேன்.

அடுத்த வாரம் மருத்துவர் திரையைக் காட்டினார். எலும்புகள் இருண்டு கிடந்தன. அதுதான் நல்ல செய்தி. இடுப்புக்குள் ஒரே ஒரு நிணநீர்க் கணு ஒளிர்ந்தது, ஐந்து மில்லிமீட்டர்தான். சிடி படத்தில் மட்டும் பார்த்திருந்தால் அளவை வைத்து ‘இயல்பு’ என்று கடந்திருப்பார்கள் என்றார் அவர். சுரப்பிக்கு மட்டும் திட்டமிட்டிருந்த கதிரியக்கச் சிகிச்சை அந்தக் கணுப் பகுதியையும் சேர்த்து மாற்றப்பட்டது. ஹார்மோன் ஊசியும் சேர்ந்தது. நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லச் சொல்ல, தாத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றும் மருத்துவர் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன். அறையின் மூலையில் நின்றிருந்த அப்பாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ரயிலில் ஃபேரர் பார்க் தாண்டும்வரை பேசாமல் வந்தவர், “அந்த ரத்தப் பரிசோதனைக்கு என்ன பேரு சொன்னே?” என்று மெதுவாகக் கேட்டார்.

வரும் புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அவருக்குப் பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு செய்திருக்கிறேன்.